மஞ்சள் கை

இது நடந்தது. கதை அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் இந்த வரியோடு எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. முதலில் கேட்டபோது நானும் சிரித்தவள்தான். ஆனால் பிரிஜெட்டை எனக்கு அவள் ஞானஸ்நானத்திலிருந்தே தெரியும். பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவர்கள் வீடு. பொய் சொன்னால் காது இரண்டும் சிவந்துவிடும் அவளுக்கு. இதைச் சொன்ன அன்று காது சிவக்கவில்லை. முகம்தான் வெளுத்துப் போயிருந்தது.

பேய்க்குப் பயந்து வெளுத்த முகம் என்று நினைத்தேன். இல்லை. கூடவே இருந்து கழுத்தறுத்த ஒரு மனுஷியை நினைத்து வெளுத்த முகம் அது. இரண்டையும் சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும்.

பிரிஜெட்டுக்கு இருபத்தொரு வயது. அப்பா இல்லை. அம்மா ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவளைப் பில்டிங் ஆட்டோமேஷன் என்கிற ஒரு வருடப் பயிற்சியில் சேர்த்துவிட்டது சுப்ரியா மேடம்தான். ஓல்டு மெட்ராஸ் ரோட்டுப் பக்கம் ஒரு காலேஜ். பேர் வேண்டாம். ஒரு கட்டடத்தில் இருக்கிற ஏசி, விளக்கு, விசிறி, கதவு எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டர் திரையில் உட்கார்ந்து பார்த்துக்கொள்கிற வேலை. அதற்குத்தான் பயிற்சி. படிக்கிற கட்டடத்தையே பிள்ளைகள் ஓட்டிப் பழகுவார்கள்.

சுப்ரியா மேடத்துக்கு முப்பத்து நாலு வயது இருக்கும். வீடு ஒக்கலிபுரத்தில். ஸ்கூட்டரில் மர்பி டவுன் வரை வந்து, பிரிஜெட்டின் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "என் தங்கச்சி மாதிரி பாத்துக்கறேன் ஆன்ட்டி. வருஷம் முடிஞ்சா கைல வேலை" என்றவள். வகுப்பில்தான் மேடம். வெளியே வந்தால் அக்கா. பிரிஜெட்டை 'பிரிஜ்ஜி' என்று கூப்பிடுகிற ஒரே ஆள் அவள்தான். மழை நாளில் தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்திருக்கிறாள். பிரிஜெட் அவள்மேல் உயிரையே வைத்திருந்தாள். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த மஞ்சள் கை.

திரையில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் வரும், நான் தமிழிலேயே சொல்கிறேன். ஒரு அறையில் சென்சார் இருந்தால், திரையில் 'ஆள் இருக்கு' அல்லது 'ஆள் இல்லை' என்று காட்டும். சென்சார் தகராறு செய்தால், ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே 'ஆள் இல்லை' என்று அடித்துப் பூட்டிவிடலாம். பூட்டினால் பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள் கைப் படம் வந்து உட்காரும். அதற்குப் பிறகு அந்த அறையில் ஊர்வலமே போனாலும் திரை 'ஆள் இல்லை' என்றுதான் சொல்லும். கையை எடுத்தால்தான் சென்சாருக்கு மறுபடி உயிர். யார் வைத்தார்கள், எப்போது வைத்தார்கள், என்ன காரணம் என்று மூன்றும் பதிவாகும்.

"கை வெச்சவங்க கைய எடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்." மேடம் வாரத்துக்கு நாலு தடவையாவது சொல்வாள். சொல்லிவிட்டு டிரேவர் கதையைச் சொல்வாள்.

டிரேவர் இரண்டு வருடம் முன்னால் அங்கே படித்த பையன். அவனும் மர்பி டவுன்தான். அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் சில்லர் அறை இருக்கிறது. ஏசிக்காகத் தண்ணீரைக் குளிர வைக்கும் பெரிய இயந்திரம் அங்கேதான். அதில் இருக்கும் கேஸுக்கு வாசனை கிடையாது. காற்றைவிடக் கனம். கசிந்தால் தரையோடு தேங்கி, மூச்சுக் காற்றைத் தள்ளிவிடும். அதனால்தான் அங்கே ஆள் நுழைந்தால் சென்சார் பார்த்து, விளக்கைப் போட்டு, கேஸை வெளியே இழுக்கும் விசிறியையும் ஓடவிடும். டிரேவர் காலையில் சென்சாரை 'ஆள் இல்லை' என்று பூட்டிவிட்டு, அதை மறந்து, மத்தியானம் தானே உள்ளே போய்விட்டான். விசிறி ஓடவில்லை. சாயங்காலம்தான் பார்த்தார்கள்.

"அவன் கவனக் குறைவு, அவன் உசுரையே எடுத்துடுச்சு" என்று சொல்லும்போது மேடம் கண் கலங்கும். பிள்ளைகள் எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள்.

டிரேவரின் அம்மா லீனா ஆன்ட்டி எங்கள் சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்காருவாள். யாரும் அதிகம் பேசுவதில்லை. பிள்ளை தன் தவறால் செத்தான் என்று ஊரே சொன்ன பிறகு என்ன பேசுவது? பிரிஜெட்டும் ஒரு நாள் சர்ச் வாசலில் ரெண்டு சின்னப் பசங்களிடம், "டிரேவர் மாதிரி அசால்ட்டா இருக்காதீங்கடா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பினால் லீனா ஆன்ட்டி நிற்கிறாள். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது அந்த நாளுக்கு வருவோம். ஆயுத பூஜை.

நம் ஊரில் அன்று மெஷினை ஓட்டமாட்டார்கள், தெரியும்தானே. காலையிலேயே சில்லரை நிறுத்திக் கழுவி, குங்குமம் இட்டு, கதவில் வாழைக்கன்று கட்டி, வாசலில் பூசணி உடைத்தாயிற்று. மற்ற நாளில் அந்தக் கதவு மூடவே மூடாது. காற்றோட்டமாக இருக்கட்டும் என்று ஆபரேட்டர்கள் ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருப்பார்கள். பூஜைக்காகச் செங்கல்லை எடுத்துப் போட்டுவிட்டு, கதவைத் துடைத்து, சாத்திப் பூட்டிவிட்டார்கள். நல்ல மனசோடு செய்த காரியம்தான்.

பிரிஜெட் மட்டும் கிளம்பவில்லை. அவளுடைய கடைசி ப்ராஜெக்ட்டே அதுதான்: கட்டடத்தில் எல்லாம் நின்ற பிறகும் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று ஒரு முழு மத்தியானத்துக்குப் பதிவு எடுக்க வேண்டும். வருடத்தில் எல்லாம் நிற்கிற நாள் இது ஒன்றுதான். திங்கட்கிழமை வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. அதில் தேறினால் ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலை என்று ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அம்மா அதற்குள் தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டாள்.

1:20க்குப் பூஜை முடிந்தது. 1:45க்குள் எல்லாரும் பொரிப் பொட்டலத்தோடு போய்விட்டார்கள். கேட்டில் செக்யூரிட்டி கோவிந்தப்பா. கீழ்த்தளத்தில், நடைபாதையின் இந்தக் கோடியில் இருந்த கண்ட்ரோல் ரூமில் பிரிஜெட். அந்தக் கோடியில் சில்லர் அறை. நடுவில் நாற்பதடி.

வெளியே நல்ல வெயில். ஆனால் கீழ்த்தளத்துக்கு வெயில் வராது.

2:05. திரையில் எல்லாம் சாம்பல் நிறம். நின்றுவிட்டது என்று அர்த்தம். பிரிஜெட் பொரியை மென்றுகொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கட்டம் மட்டும் பச்சையானது.

சில்லர் அறை: ஆள் இருக்கு.

கோவிந்தப்பா விளக்கு ஏற்ற வந்திருப்பார் என்று நினைத்தாள். ஒரு நிமிடம். பச்சை போய்விட்டது. 2:09க்கு மறுபடி வந்தது.

கேட்டுக்கு போன் போட்டாள்.

"அண்ணா, சில்லர் ரூம்லயா இருக்கீங்க?"

"இல்லம்மா, கேட்லே கீறேன். ஏனாயித்து?"

"உள்ள யாரோ இருக்காங்க போல."

"சாவி என் இடுப்புலே கீது. யாரு போவாங்க?"

வந்தார். 2:20க்குக் கதவைத் திறந்தார். உள்ளே இருட்டு. ஆள் இருந்தால் விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தார்கள். குங்குமப் பொட்டு வைத்த சில்லர், அணைந்த ஊதுவத்தி, ஒரு தேங்காய் மூடி. வேறு யாரும் இல்லை. பிரிஜெட் உள்ளே கால் வைக்கப் போனாள்.

"பேடாம்மா. பூஜை ஆன எடம். ஷூ போட்டுக்கினு போகாதே." கதவு ஸ்பிரிங்கில் தானாக மூடிக்கொண்டது. கோவிந்தப்பா, "இந்த ரூமே சரியில்லம்மா. சும்னே இதுக்கிட்ட வெச்சுக்காதே. உனக்கு வேணும்னா சாவி வெச்சுக்கோ, நான் ஊட்டா பண்ணினு வரேன்" என்று சாவியைக் கையில் திணித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

2:31. பிரிஜெட் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருந்தாள். நடைபாதை விளக்குகளும் சென்சாரில்தான் எரியும். ஆள் நடக்க நடக்க ஒவ்வொன்றாக எரிந்துகொண்டே போகும்.

டிக்... ஒன்று எரிந்தது.

டிக்... இரண்டாவது.

டிக்... டிக்... டிக்... சில்லர் அறை வரை போய் நின்றது.

யாரும் நடக்கவில்லை. அவள் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். பயந்தாளா என்றால், அந்த நொடியில் இல்லை. முதல் விளக்கு எது என்று யோசித்தபோதுதான் பயந்தாள். அவள் கதவுக்கு நேர் மேலே இருந்த விளக்கு அது. அதாவது, யாராக இருந்தாலும், அதுவரை அவள் வாசலில் நின்றுகொண்டிருந்திருக்கிறார்கள்.

பயம் வந்தால் நாம் யாரைக் கூப்பிடுவோம்? நம்புகிற ஆளைத்தானே. 2:38க்கு மேடத்துக்கு போன் போட்டாள்.

"அக்கா, சில்லர் ரூம்ல ஆள் இருக்குன்னு காட்டுது. ஆனா உள்ள யாருமில்ல."

"எங்க காட்டுது?"

"ஸ்க்ரீன்லதான்."

"அது எப்படி காட்டும்..."

பின்னால் டிவி சத்தம் மட்டும்.

"ஏன் அக்கா காட்டாது?"

"ஒண்ணுமில்ல. சிஸ்டம் ஹேங் ஆயிருக்கும். நீ லாகவுட் பண்ணிட்டு வீட்டுக்குக் கெளம்பு. எதையும் நோண்டாத. புரியுதா?"

பத்து மாதத்தில் மேடம் 'நோண்டாத' என்று சொன்னதே இல்லை. நோண்டினால்தான் வேலை வரும் என்று சொல்லிக் கொடுத்தவளே அவள்தான். போனை வைத்துவிட்டு பிரிஜெட் நோண்டினாள்.

சில்லர் அறைச் சென்சாரின் உள்பக்கத்தைத் திறந்தாள். முதல் பக்கத்தில் தெரியாதபடி மறைத்து வைத்திருந்த ஒன்று அங்கே இருந்தது.

மஞ்சள் கை.

'ஆள் இல்லை' என்று பூட்டியிருந்தது. பூட்டிய நாள் ஜூன் 14. நேரம் காலை 10:42. காரணம், சென்சார் கோளாறு. வைத்தவர் பெயர்... பிரிஜெட்.

தன் பெயரை அவள் மூன்று தடவை படித்தாள். ஜூன் 14 காலை 10:42க்கு அவள் கே.ஜி.எஃப்பில், அதான் கோலார் தங்கவயலில், ஒரு சர்ச்சில் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய சொந்த அக்கா கல்யாணம். வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கடைசி நிமிடத்தில், "கமிட்டி வருது பிரிஜ்ஜி, ஸாரிடி" என்று மேடம் வராமல் போன கல்யாணம். மறுவாரம் குக்கர் வாங்கிக் கொடுத்தாள்.

கமிட்டி வந்தது கரண்ட் மிச்சம் பிடிக்கும் கட்டடம் என்று காலேஜுக்குப் பட்டம் கொடுக்க. சில்லர் அறைச் சென்சார் சும்மா சும்மா உளறி, விசிறி ராப்பகலாக ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடினால் கணக்கு உதைக்கும். ஒரு கை வைத்தால் போதும், விசிறி நின்றுவிடும். ஆனால் தன் பெயரில் வைக்க முடியுமா? எல்லாப் பிள்ளைகளின் பாஸ்வேர்டும் மேடத்தின் நோட்டில் இருந்தது. "மாத்தாதீங்க, மறந்துட்டு என் உசுர வாங்குவீங்க" என்று சிரித்துக்கொண்டே எழுதி வாங்கியிருந்தாள்.

பிரிஜெட் கையை எடுக்கப் போனாள். திரை சொன்னது: இதை எடுக்க உங்களுக்கு அனுமதி இல்லை.

வைத்தது அவள் பெயரில். எடுக்க மட்டும் அவளுக்கு உரிமை இல்லாமல் மேடம் செய்து வைத்திருந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அக்கான்னு கூப்ட்டேனே..." என்று வாய்விட்டே சொன்னாளாம், அந்தக் காலி அறையில்.

நாளைக்கு அந்த அறையில் ஒருவருக்கு ஒன்று ஆனால்? பெயர் அவளுடையது. பழி அவளுடையது. வேலை போகும். ஜெயில்கூட வரும். போனில் திரையைப் படம் எடுத்துக்கொண்டாள். அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அவர்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. சென்சார் கோளாறு என்று எழுதினால் கீழே நடந்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும். நடந்து பார்த்து, போனில் வீடியோ எடுத்துக்கொண்டால் ஆதாரம் கெட்டியாக இருக்கும் என்று நினைத்தாள். அழுகையும் கோபமும் சேர்ந்தால் மூளை அப்படித்தான் வேலை செய்யும்.

3:07. ஷூவைக் கழற்றி வாசலில் விட்டாள். உடைத்த பூசணியின் சிவப்பு ஈரம் காலில் பட்டது. கதவைத் திறந்து உள்ளே போனாள்.

கதவு பின்னால் மூடிக்கொண்டது. டப்.

இருட்டு.

போன் டார்ச்சை மேலே அடித்தாள். கூரையில் சென்சாரின் வட்ட வெள்ளை மூடி. நேர் கீழே நின்று கையை ஆட்டினாள். போனில் கட்டடத்தின் திரை திறந்திருந்தது.

ஆள் இல்லை.

நடந்தாள். குதித்தாள். இரண்டு கையையும் வீசினாள்.

ஆள் இல்லை.

தலை கொஞ்சம் கனத்தது. அழுததால் என்று நினைத்தாள். போன் கையிலிருந்து நழுவியது. குனிந்தாள்.

குனிந்ததுதான் தப்பு.

கால் மடங்கிவிட்டது. கன்னம் சில்லென்று தரையில். எழுந்திருக்க வேண்டும் என்று தெரிகிறது. உடம்பு கேட்கவில்லை. கதவு பத்தடியில்.

போன் முகத்துக்கு எதிரே வெளிச்சமாகக் கிடந்தது. 3:12.

ஆள் இல்லை.

கத்தினாள். சத்தம் வரவில்லை.

3:13.

ஆள் இல்லை.

சில்லருக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

ஒரு தடவை... இரண்டு தடவை... ஆம்பளை இருமல். இளசு.

அப்புறம் வெறும் கால் சத்தம். மெதுவாக. அவளைத் தாண்டி.

நின்றது.

3:14.

டிக்.

ஆள் இருக்கு.

விளக்கு எரிந்தது. விசிறி முனகி, உறுமி, சுற்றத் தொடங்கியது. தரையோடு காற்று அவள் முகத்தைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனது.

அறையில் யாருமே இல்லை.

எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. முழங்காலாலேயே நகர்ந்து, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து விழுந்தாள். சாப்பிட்டுக் கேட்டுக்குத் திரும்பிய கோவிந்தப்பா, கேமரா டிவியில் பார்த்துவிட்டு ஓடிவந்தபோது 3:25. தண்ணீர் தெளித்து, ஆட்டோ பிடித்து, அவரே வீட்டில் கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் ஒரே கேள்வி கேட்டுக்கொண்டு வந்தாராம். "கூட வந்த ஹுடுகன், அந்தப் பையன், எங்கம்மா போனான்? கேட்லேந்து டிவிலே பாத்தேனே, ரூம் வாசல்லே நீ உழுந்து கெடக்கறப்போ உன் கூட நின்னானே."

இதுவரை கேட்டவர்கள், கேஸ் ஏறினால் மூளை குழம்பும், என்னென்னமோ கேட்கும் என்பார்கள். இருக்கட்டும். 2:05க்கு அவள் கண்ட்ரோல் ரூமில் பொரி தின்றுகொண்டிருந்தாள். அங்கே எந்தக் கேஸ்? கேட்டில் இருந்த கோவிந்தப்பாவுக்கு எந்தக் கேஸ்?

அன்று சாயங்காலம் 7:50க்கு மேடம் போன் போட்டாள். பிரிஜெட் ஸ்பீக்கரில் போட்டாள், நானும் அவள் அம்மாவும் பக்கத்திலேயே இருந்தோம். அந்தக் குரலை நான் காதால் கேட்டேன்.

"பிரிஜ்ஜி, கோவிந்தப்பா சொன்னாரு. ஒடம்பு எப்படியிருக்கு?"

"ஜூன் பதினாலு எங்கக்கா கல்யாணம், மேடம்." அக்கா என்று சொல்லவில்லை. கவனித்தேன்.

மேடம் குரலைத் தாழ்த்தினாள்.

"இங்க பாரு. ப்ராக்டிஸுக்காக நீதான் கை வெச்சேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துடு. ஸ்டூடன்ட் தப்புன்னு சின்ன வார்னிங்கோட முடிச்சிடுவாங்க. வைவா பாஸ், வேலை, எல்லாம் நான் பாத்துக்கறேன். எனக்கு வீட்ல ரெண்டு கொழந்தைங்க பிரிஜ்ஜி."

பிரிஜெட் கேட்டாள்: "டிரேவர்கிட்டயும் இப்படித்தான் லெட்டர் கேட்டீங்களா மேடம்?"

"அவன்கிட்ட கேக்கறதுக்கு அவன் இல்லையேம்மா."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று மேடத்துக்கே உறைத்திருக்கும். போன் கட்டாகிவிட்டது. பிரிஜெட் அந்தப் பழைய ஸ்வெட்டரை எடுத்துச் சுருட்டி, வாசலுக்கு வெளியே வைத்தாள். அப்புறம் ஒரு மூச்சு அழுதாள் பாருங்கள், செத்த வீட்டில்கூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை வைவா நடக்கவில்லை. விசாரணை நடந்தது. கல்யாண ஃபோட்டோவைக் காட்டினாள். "ரெக்கார்டுல உன் பேருதானே இருக்கு?" என்றார்கள். சரி, ரெக்கார்டையே முழுசாக எடுங்கள் என்றாள். சென்சார் கம்பெனி ஆள் ஒருவர் வந்து ஏணி போட்டுச் சென்சாரைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. வெறும் மூடி. வயர் நுனிகளுக்கு டேப் சுற்றியிருந்தது. சென்சார் நாலு மாதமாக மேடத்தின் மேஜை டிராயரில் டிஷ்யூ பேப்பரில் சுற்றிக் கிடந்திருக்கிறது. அப்படியானால் அன்று மத்தியானம் 'ஆள் இருக்கு' என்று சொன்னது எது என்று கேட்டதற்கு, அந்த ஆள் ஏணியிலிருந்து இறங்கித் தண்ணீர் கேட்டார்.

பிறகு ரெக்கார்டை அச்செடுத்தார்கள். ஜூன் 14ல் கை வைத்தது பிரிஜெட் என்று இருந்தது. கீழே இன்னொரு வரி. ஆயுத பூஜை நாள், மத்தியானம் 3:14:08, கை எடுக்கப்பட்டது. எடுத்தவர் பெயர்: டிரேவர். இரண்டு வருடம் முன்னாலேயே அழித்துவிட்ட கணக்கு அது. பாஸ்வேர்டும் கிடையாது, அனுமதியும் கிடையாது.

அங்கேதான் காலேஜ் மாட்டிக்கொண்டது. முதல் வரி உண்மை என்று பிரிஜெட்டைப் பிடித்தால், இரண்டாவது வரிக்கும் பதில் சொல்ல வேண்டும். ஒரே தாள். மூன்று நாள் முழித்துவிட்டு, சிஸ்டம் கோளாறு, ரெக்கார்டு முழுவதும் செல்லாது என்று எழுதி மூடிவிட்டார்கள். பிரிஜெட்டுக்குச் சர்டிபிகேட் வந்தது. ஒயிட்ஃபீல்டு வேலை கைநழுவிவிட்டது, இப்போது அல்சூரில் ஒரு ஓட்டலில் ஏசி பார்க்கிறாள். மேடம் வேறொரு காலேஜுக்குப் போய்விட்டாள். அங்கேயும் பாடம் நடத்துகிறாளாம். கை வெச்சவங்க கைய எடுத்துட்டுத்தான் வீட்டுக்குப் போகணும் என்று சொல்கிறாளாம். இப்போது இரண்டு கவனக்குறைவான பிள்ளைகளின் கதை சொல்கிறாளாம்.

பிரிஜெட் அந்தத் தாளின் ஒரு பிரதியை மடித்து எடுத்துக்கொண்டு லீனா ஆன்ட்டி வீட்டுக்குப் போனாள். என்னையும் துணைக்குக் கூப்பிட்டாள். முதலில் மன்னிப்புக் கேட்டாள். சர்ச் வாசலில் சொன்னதற்கு. லீனா ஆன்ட்டி அலமாரியைத் திறந்து, பைபிளுக்குள்ளிருந்து ஒரு சீட்டை எடுத்தாள். கண் ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு. டிரேவர் செத்த அன்றைய தேதி. 11:05 என்று முத்திரை.

"பதினொண்ணு இருபதுக்கு அவன் கை வெச்சான்னு எழுதியிருந்தாங்க. அந்நேரம் அவன் என் பக்கத்துல, என் கையப் புடிச்சிக்கினு உக்காந்திருந்தான். ஒரு மணிக்கு மேலதான் காலேஜுக்கே போனான். எல்லார்கிட்டயும் சொன்னேன். ரெக்கார்டுல அவன் பேருதானேன்னாங்க. அந்த மேடம் இங்க வந்து, இதே எடத்துல உக்காந்து என் கூட அழுதா."

பிரிஜெட் தாளை விரித்தாள். லீனா ஆன்ட்டிக்குக் கண் மங்கல், படிக்க வராது. பிரிஜெட்தான் விரலை வைத்துப் படித்துக் காட்டினாள். தேதி, நேரம், பெயர். பெயர் வந்ததும் லீனா ஆன்ட்டி சிலுவை போட்டுக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு ஆன்ட்டி. காரணம்னு ஒரு எடம் உண்டு. அது நிரப்பாம கைய எடுக்க முடியாது."

"இன்னா போட்டிருக்கு?"

அந்தத் தாளில் மற்றதெல்லாம் ஆங்கிலம். அந்த ஒரு வரி மட்டும் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். பிரிஜெட் படித்தாள்.

"உள்ள ஆள் இருக்கு."

லீனா ஆன்ட்டி தாளை வாங்கி, ஆஸ்பத்திரிச் சீட்டோடு சேர்த்து மடித்து, பைபிளில் வைத்தாள். பிறகு, எங்களைப் பார்க்காமல், ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

"என் புள்ள உள்ள இருந்தப்போ இத அடிக்க ஒருத்தரும் இல்லாம போயிட்டாங்களேம்மா."